சளி பிடித்த பூனைக்குத் தைலம் தடவாதீர்கள்

ஏற்காட்டில் பனி இறங்கும் மாதங்களில் பூனை தும்மினால் குளிரைத்தான் குறை சொல்கிறோம். பெரும்பாலும் காரணம் பூனைகளுக்கே உரிய ஹெர்பிஸ் அல்லது கலிசி வைரஸ். இவை மனிதருக்குத் தொற்றாது; ஆனால் நம் கை, உடை வழியாக அடுத்த பூனைக்குப் போய்விடும். அதனால் நோயுற்றதைத் தனி அறையில் வையுங்கள், தட்டும் மணல் தொட்டியும் தனியாக இருக்கட்டும். மற்ற பூனைகளுக்கு முதலில் உணவு வைத்துவிட்டு, இதனிடம் கடைசியாகப் போங்கள்.

மலையில் எல்லா வீட்டிலும் இருக்கும் நீலகிரித் தைலத்தை மூக்கில் தடவவோ ஆவியில் விடவோ வேண்டாம். பூனைக்கு அது நஞ்சு. பாராசிட்டமால் இன்னும் கொடியது, ஒரே மாத்திரை உயிரைப் பறித்துவிடும். வெந்நீர் ஆவி நிறைந்த குளியலறையில் பத்து நிமிடம் உடன் உட்கார்ந்திருந்தாலே மூக்கடைப்பு இளகும்.

மூக்கு அடைத்த பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாமல் அது சாப்பிடாது. உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த மீனை முள் நீக்கி, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். கண், மூக்குப் பீளையை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால், சூடு ஆறியபின் துடையுங்கள்.

ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். குட்டியென்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.