பாதியில் அறுந்த கச்சான்

பாம்பனில் அப்பா சொல்லும் காற்றுப் பெயர்களையும் மீன் பெயர்களையும் ஒரு சின்ன இணையதளமாகச் சேர்த்து வருகிறேன். எல்லாம் வெறும் உரைக்கோப்புகள். தலைப்பகுதி, உரை, அடிப்பகுதி மூன்றையும் கேட் (cat) என்ற லினக்ஸ் கட்டளை ஒன்றாக ஒட்டிவிடும். மாறிய பக்கத்தை மட்டும் மேக் (make) என்ற கருவி புதிதாக உருவாக்கும். 1976-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த கருவி அது, எனக்கு இன்றும் போதுமானதாக இருக்கிறது.

சிக்கல் தளத்தின் முகப்புப் பக்கத்தில் வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் முதல் வரியிலிருந்தும் 80 எழுத்தை வெட்டி எடுத்து அங்கே காட்டும்படி கட் (cut) கட்டளையிடம் சொன்னேன். பல வரிகளின் கடைசியில் கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டம் நின்றது. எழுத்துருவைச் சந்தேகப்பட்டு அரை நாள் போனது.

அப்புறம் 'கச்சான்' என்ற காற்றின் பெயரை மட்டும் எண்ணிப் பார்த்தேன். நம் கண்ணுக்கு 4 எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையின் கணக்கில் 7 குறிகள், ஏனென்றால் புள்ளியும் காலும் தனித்தனி. அவற்றைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் (சேமிப்பின் சிறு அலகு), ஆக 21. என் லினக்ஸில் உள்ள கட், எழுத்து என்று கேட்டாலும் பைட்டைத்தான் எண்ணுகிறது! குறியின் நடுவில் வெட்டு விழுந்தால் அந்தக் கட்டம் வருகிறது.

சரி, ஜிஎன்யூ ஆக் (awk) என்ற உரை கையாளும் கருவியில் குறிகளை எண்ணி வெட்டினேன். கட்டம் மறைந்தது, ஆனால் 'மீன்' சில இடங்களில் புள்ளி இழந்து 'மீன' ஆனது. இது இன்னும் மோசம், பிழை என்றே தெரியாது. கடைசியில் எழுத்தை எண்ணுவதையே விட்டுவிட்டேன். ஆக் இடைவெளியை வைத்துச் சொற்களைத் தானே பிரித்துத் தருகிறது. முதல் 8 சொல்லை ஒவ்வொன்றாக அச்சிடும் ஒரு சுற்று (loop) எழுதினேன். வரியில் அதற்கும் குறைவாக இருந்தால் இருப்பதோடு நிற்கும்.

இப்போது தென்கடல் பக்கமும் வடகடல் பக்கமும் முகப்பில் முழுச்சொல்லோடு நிற்கின்றன.