மாற்றிய இடுப்பைச் சுற்றி எலும்பு உடைந்தால்

மியான்மரின் யாங்கூனில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி எங்கள் வீடு. இடுப்பு மூட்டு மாற்றிய அம்மா மழையில் படியில் வழுக்கி விழ, உள்ளே வைத்த உலோகத் தண்டைச் சுற்றித் தொடை எலும்பு உடைந்தது.

டாக்டரிடம் முதலில் கேளுங்கள்: தண்டு உறுதியாக இருக்கிறதா, ஆடுகிறதா? உறுதியென்றால் பெரும்பாலும் தகடும் கம்பியும் போதும். ஆடினால் அதை எடுத்துவிட்டு நீளமான தண்டு வைக்க வேண்டிவரும். அப்புறம், காலில் எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதை எழுதியே வாங்குங்கள்.

குந்தும் கழிப்பறை வேண்டவே வேண்டாம். உயரமான கமோடு நாற்காலி போடுங்கள். வாக்கர் பிடித்து நடக்கும்போது லுங்கி தடுக்கும், கணுக்காலுக்கு மேலே கட்டுங்கள். சாமானுக்குப் படியிறங்காமல் பால்கனிக் கயிற்றில் பையை இறக்குங்கள், அது எதற்கு இருக்கிறது? கெண்டைக்கால் வீங்கி வலித்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே டாக்டரைப் பாருங்கள். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி. எலும்பு அடர்த்திப் பரிசோதனையையும் கேட்டுச் செய்யுங்கள்.