லோ கார்ப் டயட்டைப் பாதியில் விடாமல் தொடர்வது எப்படி? முதல்முறை தொடங்குபவர்களுக்கு

மாவுச்சத்தை (கார்போஹைட்ரேட்) குறைத்து எடையைக் குறைக்கத் தொடங்கும் பலர் நான்காம் நாளிலோ மூன்றாம் வாரத்திலோ விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மன உறுதி இல்லை என்று நான் நினைக்கவில்லை. அந்த நாட்களில் உடம்புக்குள் என்ன நடக்கும் என்று யாரும் முன்கூட்டியே சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். முதல் தடவை நானும் நான்காம் நாள் தலைவலி தாங்காமல் நிறுத்திவிட்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் மருந்தின் அளவை மாற்றாமல் மாவுச்சத்தைக் குறைத்தால், ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். எஸ்ஜிஎல்டி2 தடுப்பான் என்ற இன்னொரு வகைச் சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தத்தில் அமிலம் கூடும் அபாயம் உண்டு. ரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் சிலருக்கு மாற்ற வேண்டிவரும். ஆகவே இவர்கள் மருத்துவரிடம் பேசாமல் தொடங்கவே கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

படி 1: உங்களால் தாங்க முடிந்த அளவைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து இருந்தாலே பொதுவாக அதை லோ கார்ப் என்பார்கள். கீட்டோ என்பது அதைவிடக் கடுமையானது, 20 முதல் 50 கிராம் வரைதான். புதிதாக வருபவர்கள் நேராக 20 கிராமுக்குப் போய் நிற்பதுதான் பெரிய தவறு என்பது என் கருத்து.

2018இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 609 பேரை வைத்து ஓராண்டு நடத்திய ஆய்வு ஒன்று வெளியானது. ஒரு பிரிவினர் கொழுப்பைக் குறைத்தார்கள், இன்னொரு பிரிவினர் மாவுச்சத்தைக் குறைத்தார்கள். ஆண்டு முடிவில் முதல் பிரிவு சராசரியாக 5.3 கிலோவும், இரண்டாவது பிரிவு 6 கிலோவும் குறைந்திருந்தன. பெரிய வித்தியாசம் இல்லை. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. மாவுச்சத்துப் பிரிவினர் முதலில் 20 கிராம் வரை இறங்கினாலும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, காலம் முழுக்கத் தொடர முடியும் என்று தோன்றும் அளவில் நின்றுகொள்ளச் சொன்னார்கள். அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும். நீங்கள் 100 கிராமில் தொடங்குங்கள். இரண்டு வாரம் சிரமமில்லாமல் போனால் அப்புறம் இன்னும் குறைக்கலாம்.

படி 2: ஒரு வாரம் மட்டும் எண்ணுங்கள்

வாழ்நாள் முழுக்க எடை போட்டுச் சாப்பிட வேண்டாம். ஒரு வாரம் எழுதிவைத்தால் கண்ணே அளவு சொல்லும். தோராயமாகச் சில கணக்குகள்: 100 கிராம் சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து, ஒரு துண்டு ரொட்டியில் 12 முதல் 15, நடுத்தர வாழைப்பழத்தில் 27, ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் 4. முட்டையில் ஒரு கிராம்கூட இல்லை. கீரை 100 கிராமில் 4 கிராமுக்குள்தான். பொட்டலத்தில் 'சர்க்கரை இல்லை' என்று போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள். பின்பக்க அட்டவணையில் மொத்த மாவுச்சத்தைப் பாருங்கள்.

படி 3: எடுத்த இடத்தை நிரப்புங்கள்

பலர் கோட்டை விடுவது இங்கேதான். இதுவரை நாளைக்கு 300 கிராம் மாவுச்சத்து சாப்பிட்ட ஒருவர் 100 கிராமுக்கு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். குறைந்த 200 கிராமுக்கு, கிராமுக்கு 4 கலோரி வீதம், 800 கலோரி போய்விட்டது. அதோடு 'கொழுப்பும் கெடுதல்' என்று எண்ணெயையும் குறைத்தால் அது வெறும் பட்டினி. மூன்றாம் நாள் இரவு கை தானாகவே ரொட்டியைத் தேடிப் போகும்.

போன கலோரியில் பாதியையாவது திரும்பக் கொடுங்கள். ஒவ்வொரு வேளையும் முதலில் தட்டில் விழ வேண்டியது புரதம்: முட்டை, மீன், கோழி, பனீர், தயிர், சோயா எதுவானாலும் சரி. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் அளவுக்குப் புரதம் கிடைத்தால் பசி அடங்கும், தசையும் கரையாது. அடுத்து காய்கறி, அதுவும் தாராளமாக. இல்லாவிட்டால் நார்ச்சத்து குறைந்து மலச்சிக்கல் வந்து சேரும். கடைசியாகத்தான் மாவுச்சத்துக்கு இடம். வீட்டில் எல்லோருக்கும் சமைப்பதையே சாப்பிடலாம், இந்தப் பங்குகளை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். தனிச் சமையல் வேண்டியிருக்கும் டயட் நீண்ட நாள் நிற்பதில்லை.

படி 4: முதல் வாரத்துக்கு உப்பும் தண்ணீரும்

மாவுச்சத்து குறையும்போது ரத்தத்தில் இன்சுலின் குறையும். இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாக உப்பை வெளியேற்றும், கூடவே தண்ணீரும் போகும். தலைவலி, அசதி, எழுந்தவுடன் கிறுகிறுப்பு, கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதைக் 'கீட்டோ ஃப்ளூ' என்பார்கள். பெயரில் ஃப்ளூ இருந்தாலும் இது காய்ச்சல் இல்லை, பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் சார்ந்த பிரச்சினை இல்லாதவர்கள் அந்த நாட்களில் உப்புப் போட்ட சூடான சூப் ஒரு கிண்ணம் குடித்துப் பாருங்கள். என்னுடைய நான்காம் நாள் தலைவலிக்கு இரண்டாவது தடவை தேவைப்பட்டது அது மட்டும்தான். கடுமையான உடற்பயிற்சியையும் இந்த வாரம் தள்ளிவைத்து, நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 5: எடை மெஷினைச் சரியாகப் படியுங்கள்

முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறையலாம். சந்தோஷப்படுங்கள், ஆனால் அது பெரும்பாலும் கொழுப்பு இல்லை. கல்லீரலும் தசைகளும் கிளைகோஜன் என்ற வடிவில் ஏறக்குறைய அரை கிலோ மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சேமிப்பு குறையும்போது அந்தத் தண்ணீரும் வெளியேறுகிறது.

அதனால்தான் மூன்றாம் வாரத்தில் மெஷின் நின்றுவிட்டதுபோலத் தோன்றுகிறது. உண்மையில் கொழுப்பு கரையும் வேகமே அவ்வளவுதான். நாளைக்கு 500 கலோரி குறைவாகச் சாப்பிட்டால் தொடக்கத்தில் வாரத்துக்குச் சுமார் அரை கிலோ குறையும். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் எடை பாருங்கள். இடுப்புச் சுற்றளவையும் நாடாவால் அளந்து எழுதிவையுங்கள். எடை அசையாத வாரத்தில் நாடா நல்ல செய்தி சொல்லலாம்.

படி 6: ஒரு நாள் தவறினால்

விருந்தில் இனிப்பும் சோறும் வயிறு நிறையச் சாப்பிட்டீர்கள். மறுநாள் மெஷின் ஒரு கிலோ கூடுதலாகக் காட்டுகிறது. பயப்படாதீர்கள். ஒரு கிலோ கொழுப்பு சேர 7,700 கலோரி அதிகமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். ஒரு விருந்தில் அது நடக்காது. கிளைகோஜனும் தண்ணீரும் திரும்பி வந்திருக்கின்றன. அடுத்த வேளையே பழைய தட்டுக்குத் திரும்புங்கள். பிராயச்சித்தமாகப் பட்டினி மட்டும் கிடக்காதீர்கள், அது அடுத்த மீறலுக்குத்தான் வழி திறக்கும்.

படி 7: எட்டு வாரத்துக்குப் பிறகு

100 கிராமிலேயே சௌகரியமாக இருந்தால் அங்கேயே இருங்கள். இன்னும் கீழே இறங்கியவர்கள், இறுக்கமாகத் தோன்றினால், ஒரு நாளைய அளவை வாரத்துக்கு 10 கிராம் வீதம் கூட்டிப் பாருங்கள். முதலில் பழமும் பருப்பும் திரும்பட்டும். இடுப்பளவு ஏறத் தொடங்கினால் ஒரு படி பின்வாங்குங்கள். தொடங்கும்போது ஒருமுறையும் மூன்று மாதம் கழித்து ஒருமுறையும் ரத்தத்தில் கொழுப்பைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சிலருக்கு இந்த உணவுமுறையில் எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு கணிசமாக ஏறும். அப்படி ஏறியிருந்தால் வெண்ணெய், கொழுப்பு நிறைந்த இறைச்சி ஆகியவற்றுக்குப் பதில் கொட்டைகள், மீன், தாவர எண்ணெய் என்று மாற்றிக்கொண்டு, மருத்துவரிடம் அந்த அறிக்கையைக் காட்டுங்கள்.