லினக்ஸ்: முதலில் பென்டிரைவில் ஓட்டிப் பாருங்கள், பிறகு நிறுவுங்கள்

லினக்ஸைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களில் பலர் முதல் நாளிலேயே விண்டோஸை அழித்துவிட்டு அந்த இடத்தில் லினக்ஸை நிறுவ முனைகிறார்கள். மறுநாள் வைஃபை வேலை செய்யவில்லை என்றோ, அச்சுப்பொறி அசையவில்லை என்றோ தெரியவரும்போது, திரும்பிப் போகவும் வழியில்லாமல், லினக்ஸே தமக்குச் சரிப்படாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்த இக்கட்டு தேவையே இல்லாதது. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், ஒரு பென்டிரைவில் இருந்தே லினக்ஸை முழுமையாக இயக்கிப் பார்க்க முடியும். ஆகவே இந்த விளக்கத்தின் பெரும்பகுதி நிறுவலுக்கு முந்தைய வேலைகளைப் பற்றியதாகவே இருக்கும்.

எந்த லினக்ஸ்?

கண்டிப்பாகச் சொன்னால், லினக்ஸ் என்பது 1991ஆம் ஆண்டில் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கெர்னலின் பெயர் மட்டுமே. வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடையே நின்று வேலை வாங்கும் உட்கரு அது. அதனோடு டெஸ்க்டாப், கோப்பு மேலாளர், உலாவி, மென்பொருள்களை நிறுவும் கருவி ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டித் தரப்படும் தொகுப்பைத்தான் டிஸ்ட்ரோ என்கிறோம். டெபியன், உபுண்டு, ஃபெடோரா, லினக்ஸ் மின்ட் எல்லாம் டிஸ்ட்ரோக்கள்.

புதியவருக்கு நான் பரிந்துரைப்பது லினக்ஸ் மின்ட்டின் சினமன் பதிப்பு. விண்டோஸ் பழகியவருக்கு அதன் மெனுவும் பணிப்பட்டையும் அந்நியமாகத் தோன்றுவதில்லை. அது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டிருப்பதால், உபுண்டுவுக்காக எழுதப்பட்ட தீர்வுகளில் பெரும்பாலானவை அதற்கும் பொருந்தும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. குறைந்தது 2 ஜிபி ரேமும் 20 ஜிபி இடமும் தேவை என்பது மின்ட் குழுவினர் தரும் கணக்கு. ஆனால் இன்றைய உலாவிகள் நினைவகத்தை விழுங்கும் வேகத்தைப் பார்த்தால் 4 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பேன். எந்த டிஸ்ட்ரோ சிறந்தது என்று வாரக்கணக்கில் ஒப்பிட்டுக்கொண்டிருப்பதைவிட, ஒன்றைப் பிடித்து ஒரு மாதம் பயன்படுத்துவது அதிகம் கற்றுத்தரும்.

பதிவிறக்கமும் சரிபார்ப்பும்

8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ளவை எல்லாம் அழிந்துவிடும் என்பதால், வேண்டியவற்றை முன்பே வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். பிறகு லினக்ஸ் மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்தில் இருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்கள். ஏறக்குறைய 3 ஜிபி அளவுள்ள அந்த ஒற்றைக் கோப்புக்குள்தான் முழு இயங்குதளமும் அடங்கியிருக்கிறது.

இறக்கிய கோப்பைச் சரிபார்க்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள்ளேயே ஊடுருவிய ஒருவர், 17.3 சினமன் பதிப்பின் பதிவிறக்க இணைப்பை, பின்கதவு (வெளியார் இரகசியமாக நுழையும் வழி) வைத்துத் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ கோப்புக்குத் திருப்பிவிட்டார். தம்மிடம் இருப்பது நல்ல கோப்பா கெட்ட கோப்பா என்று பயனர்கள் கண்டுபிடிக்க உதவியது செக்சம் என்னும் சரிபார்ப்பு எண்தான். கோப்பில் ஒரேயொரு பிட் மாறியிருந்தாலும் இந்த எண் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிடும். எனவே திருட்டுத்தனமாக மாற்றப்பட்ட கோப்பை மட்டுமன்றி, இணையம் அறுந்து பாதியில் சிதைந்த கோப்பையும் இது காட்டிக்கொடுக்கும். என் அனுபவத்தில் இரண்டாவது வகைதான் அடிக்கடி நேர்வது.

பென்டிரைவில் எழுதுவதற்கு விண்டோஸில் ரூஃபஸ் என்ற சிறு இலவச மென்பொருள் போதும். அதில் ஐஎஸ்ஓ கோப்பைத் தேர்ந்தெடுத்ததும், பக்கத்தில் இருக்கும் சரிக்குறி போன்ற பொத்தானை அழுத்தினால் சில வகைச் செக்சம்களைக் கணக்கிட்டுக் காட்டும். அவற்றில் எஸ்ஹெச்ஏ256 என்ற 64 எழுத்து நீள எண்ணை, மின்ட்டின் தளம் தரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். முதல் சில எழுத்துகளோடு நிறுத்திவிடாமல், எண் முழுவதையும் நகலெடுத்து, மின்ட்டின் பக்கத்தில் உள்ள தேடல் பெட்டியில் ஒட்டித் தேடிப் பார்ப்பது நல்லது.

பென்டிரைவில் எழுதுதல்

ஐஎஸ்ஓ கோப்பைப் பென்டிரைவுக்கு வெறுமனே நகலெடுத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. ரூஃபஸ் போன்ற கருவி அதைப் பிரித்து, தொடக்கத்துக்கு உரிய முறையில் எழுத வேண்டும். கருவியின் மேற்பகுதியில் எந்தப் பென்டிரைவ் என்பதைத் தேர்ந்தெடுத்து, மற்ற அமைப்புகளை அவை இருக்கிறபடியே விட்டுவிட்டு, தொடங்கும் பொத்தானை அழுத்துங்கள். ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா என்று கேட்டால், பரிந்துரைக்கப்படும் ஐஎஸ்ஓ முறையே போதும்.

ஒருமுறை இரண்டு பென்டிரைவ்கள் செருகப்பட்டிருந்ததைக் கவனிக்காமல், எச்சரிக்கைச் செய்தியையும் படிக்காமல் சம்மதம் கொடுத்து, ஓராண்டுக்கான குறிப்புகள் இருந்த பென்டிரைவை நானே என் கையால் அழித்தேன். அன்று முதல் எழுதப் போகும் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுத்தான் இந்த வேலையைத் தொடங்குகிறேன்.

பென்டிரைவில் இருந்து தொடங்குதல்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கணினியை முழுமையாக அணைத்து, மீண்டும் இயக்கியவுடன், நிறுவனச் சின்னம் தோன்றும் அந்த இரண்டு நொடிகளுக்குள் குறிப்பிட்ட ஒரு விசையைத் தொடர்ந்து தட்ட வேண்டும். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பி கணினிகளில் எஃப்9, ஏசுஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப் என்று இது வேறுபடும். விசை பிடிபடவில்லை என்றால் வேறொரு வழி இருக்கிறது. விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட்டைச் சொடுக்கினால் நீலநிறத் திரை ஒன்று வரும். அதில் ‘யூஸ் எ டிவைஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் பென்டிரைவைக் காட்டினால் போதும். அந்த வாசகம் எல்லாக் கணினிகளிலும் தோன்றாது என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்.

கறுப்புத் திரையில் வரும் பட்டியலின் முதல் வரியில் எண்டர் தட்டியதும், ஒன்றிரண்டு நிமிடங்களில் டெஸ்க்டாப் வந்துவிடும். இதை லைவ் அமர்வு என்பார்கள். எல்லாம் ரேமிலும் பென்டிரைவிலும் இருந்தே ஓடுவதால், நீங்கள் உருவாக்கும் கோப்புகளும் செய்யும் மாற்றங்களும் கணினியை அணைத்தவுடன் மறைந்துவிடும். வேகமும் குறைவாக இருக்கும். அது பென்டிரைவின் வேகமே ஒழிய, லினக்ஸின் வேகம் அன்று.

இங்கே அவசரப்படாமல் உங்கள் வன்பொருளைச் சோதியுங்கள். வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, கேமராவும் மைக்கும் வேலை செய்கின்றனவா, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் பணிகின்றனவா, மூடியை மூடித் திறந்தால் கணினி விழித்துக்கொள்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கடைசியாகச் சொன்னதை யாரும் சோதிப்பதில்லை, பிறகு புலம்புவதும் அதைப் பற்றித்தான். வைஃபை மட்டும் வரவில்லை என்றால், கைப்பேசியை யூஎஸ்பி வடத்தால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொண்டு, மெனுவில் உள்ள டிரைவர் மேனேஜரைத் திறந்து பாருங்கள். உரிய டிரைவர், அதாவது வன்பொருளை இயக்கும் மென்பொருள், இருந்தால் அது பட்டியலிடும்.

நிறுவுதல்

சில நாள்கள் இப்படிப் பழகி, வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றினால் நிறுவலாம். அதற்கு முன் விண்டோஸுக்குத் திரும்பிச் சில வேலைகளை முடிக்க வேண்டும். முதலாவது, முக்கியக் கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து வைப்பது. இரண்டாவது, டிஸ்க்கில் உள்ளதைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி பூட்டும் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொண்டு, குறியாக்கத்தை நீக்குவது. குறியாக்கம் உள்ள பார்ட்டிஷனின் (டிஸ்க்கின் பகுதியின்) அளவை, லினக்ஸை நிறுவும் கருவியான நிறுவியால் குறைக்க முடியாது என்பதோடு, தொடக்க அமைப்பு மாறும்போது விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்டு அடம்பிடிக்கவும் கூடும். மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை முடக்குவது. அது இயங்கும் வரை விண்டோஸ் உண்மையில் முழுமையாக அணைவதில்லை என்பதால், அதன் கோப்புகளை லினக்ஸிலிருந்து படிக்க முடிந்தாலும் எழுத முடியாமல் போகலாம்.

லைவ் டெஸ்க்டாப்பில் இருக்கும் நிறுவல் சின்னத்தைச் சொடுக்கினால் மொழி, விசைப்பலகை போன்ற எளிய கேள்விகள் முதலில் வரும். ஒரேயொரு திரையில் மட்டும் கையை விசையில் இருந்து எடுத்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்கும் அந்தத் திரையில், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே நிறுவும் வாய்ப்பு ஒன்றும், டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு நிறுவும் வாய்ப்பு இன்னொன்றும் அடுத்தடுத்து இருக்கும். இரண்டு இயங்குதளங்களும் வேண்டும் என்றால் முதல் வாய்ப்பைத் தேர்ந்து, இரண்டுக்கும் இடையே உள்ள பிரிகோட்டை இழுத்து இடத்தைப் பங்கிட வேண்டும். முதல் வாய்ப்பு பட்டியலிலேயே தோன்றவில்லை என்றால் நிறுவியால் விண்டோஸை அடையாளம் காண முடியவில்லை என்று பொருள். அந்நிலையில் வெளியேறி, குறியாக்கத்தையும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் மறுபடி பாருங்கள். இருக்கும் வாய்ப்பையே சொடுக்கிவிடாதீர்கள்.

நிறுவி முடிந்து மறுதொடக்கம் செய்தால், எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் பட்டியல் ஒன்று வரும். அதன் பெயர் கிரப். விண்டோஸும் அதில் இருப்பதை அன்றே உள்ளே சென்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

முதல் வேலையாக டைம்ஷிஃப்ட் என்ற கருவியைத் திறந்து அமைப்பின் நகல் ஒன்றை எடுத்துவையுங்கள். பின்னால் ஏதாவது கோளாறானால் இந்த நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது இயங்குதளத்தைக் காப்பதே தவிர, உங்கள் படங்களையும் ஆவணங்களையும் இயல்பாகக் காப்பதில்லை. அடுத்து அப்டேட் மேனேஜரைத் திறந்து எல்லாப் புதுப்பிப்புகளையும் நிறுவுங்கள். மென்பொருள்களை இணையத்தில் தேடி இறக்கும் பழைய பழக்கத்தை விட்டு, சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடத் தொடங்குங்கள். தமிழ் எழுத இன்புட் மெத்தட் என்ற கருவியில் தமிழுக்கு உரிய ஐபஸ் தொகுப்பையும் எம்17என் தொகுப்பையும் சேர்த்தால், தமிழ்99, ஒலியியல், தட்டச்சு எனப் பழகிய முறையிலேயே எழுதலாம்.

சி டிரைவ், டி டிரைவ் என்று எதுவும் இங்கே இராது. எல்லாக் கோப்புறைகளும் ஒரு சாய்கோட்டால் குறிக்கப்படும் வேரில் இருந்து கிளைக்கின்றன. உங்கள் கோப்புகள் அதன் கீழே ஹோம் என்ற கோப்புறைக்குள், உங்கள் பெயரில் இருக்கும். செருகும் பென்டிரைவும்கூட இந்த மரத்தின் ஒரு கிளையாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

டெர்மினலைத் தொட்டுப் பார்த்தல்

கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் சாளரமான டெர்மினல் இல்லாமலேயே அன்றாட வேலைகள் நடந்துவிடும். ஆயினும் அதைக் கண்டு அஞ்சாமல் இருக்க ஒரு சிறு பயிற்சி உதவும். கண்ட்ரோல், ஆல்ட் ஆகிய இரு விசைகளோடு டி விசையையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் சாளரத்தில் உங்கள் பெயரும் கணினியின் பெயரும், இறுதியில் ஒரு டாலர் குறியும் தெரியும். அதன் பக்கத்தில் பி, டபிள்யூ, டி என்ற மூன்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளைத் தட்டி எண்டர் கொடுத்தால், நீங்கள் எந்தக் கோப்புறையில் நிற்கிறீர்கள் என்பதை அது சொல்லும். எல், எஸ் என்று இரண்டெழுத்துகள் தட்டினால் அந்தக் கோப்புறையில் உள்ளவற்றைப் பட்டியலிடும். பேரெழுத்துகளில் தட்டினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று கைவிரித்துவிடும். கோப்புப் பெயர்களிலும் லினக்ஸுக்குச் சிற்றெழுத்தும் பேரெழுத்தும் வெவ்வேறுதான்.

நிர்வாக அனுமதி வேண்டிய கட்டளைகளுக்குக் கடவுச்சொல் கேட்கப்படும். அதைத் தட்டும்போது திரையில் நட்சத்திரமோ புள்ளியோ எதுவும் தோன்றாமல் போகலாம். விசைப்பலகை பழுதாகிவிட்டதோ என்று பதற வேண்டாம், தட்டி முடித்து எண்டர் கொடுங்கள். ஆர், எம் என்ற கட்டளையை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள், அது அழிப்பவை குப்பைக்கூடைக்குப் போகாமல் நேரே மறைந்துவிடும்.

ஒரு கட்டளை என்ன செய்யும் என்று அறிய எம், ஏ, என் என்ற மூன்று எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்தக் கட்டளையின் பெயரைக் கொடுத்தால் அதன் கையேடு திரை முழுவதும் விரியும். அதிலிருந்து எப்படி வெளியேறுவது என்று தெரியாமல் நான் முதல்முறை சாளரத்தையே மூடினேன். கியூ என்ற எழுத்தைத் தட்டினால் போதும்.