பெருமழைக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர்: டிடிஎஸ் மீட்டர் சொல்லாதது

ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்ததும் வேலூர் மாவட்டத்து ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்த்தால் எண் நன்றாக இறங்கியிருக்கும். உப்பு குறைந்துவிட்டது, இனி தாராளமாகக் குடிக்கலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. அந்த மீட்டர் கரைந்த உப்புகளை மட்டுமே காட்டும். மழைநீர் கலந்தால் உப்பு குறையத்தான் செய்யும். அதே மழைநீர்தான் மாட்டுச் சாணத்தையும் கழிப்பறைக் கழிவையும் கிணற்றுக்குள் அடித்துக்கொண்டு வருகிறது. கிருமிகள் பெருகியிருக்கும்போது மீட்டர் நல்ல எண்ணைக் காட்டுவது இப்படித்தான்.

மலைத்தண்ணீர் பாறையில் வடிகட்டி வருவதால் சுத்தம் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. வடிகட்டுவது பாறை அல்ல, மேலே இருக்கும் மண். சுண்ணாம்புப் பாறை மலைகளில் தண்ணீர் பாறையைக் கரைத்துச் சுரங்க வழிகளை உண்டாக்கிவிடும். பெருமழையில் அழுக்கு ஒரே நாளில் கிலோமீட்டர் கணக்கில் போய்விடும். கனடாவின் வாக்கர்டன் ஊரில் 2000 மே மாதம் கனமழை பெய்தபோது, விரிசல் விட்ட சுண்ணாம்புப் பாறையில் இருந்த ஆழமில்லாத கிணற்றில் பண்ணைச் சாணம் கலந்தது. குளோரினும் போதவில்லை. 7 பேர் இறந்தார்கள், சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள்.

ஜவ்வாது மலை சுண்ணாம்புப் பாறை இல்லை, கடினப் பாறை. ஆனால் அதிலும் வெடிப்புகள் உண்டு. பீஞ்சமந்தை போன்ற மலையூர்களில் மண் மெல்லியதாக இருக்கும் இடங்களைக் கவனியுங்கள். மழை பெய்த சில மணி நேரத்திலேயே சுனை கலங்கினால், அது வடிகட்டப்படாமல் வந்த தண்ணீர். தெளிந்த பிறகும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

பிளீச்சிங் பவுடரை அப்படியே கிணற்றில் கொட்டாதீர்கள். ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் கணக்கிட்டு, பக்கெட்டில் கரைத்து, பத்து நிமிடம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் காத்திருங்கள். தண்ணீர் சேறாக இருந்தால் இந்த அளவு போதாது. பவுடரில் இருந்து வரும் குளோரினைச் சேறே தின்றுவிடும். பாக்கெட் பிரித்து மாதக்கணக்கில் கிடந்த பவுடருக்கும் வீரியம் இருக்காது.

வறண்ட போர்வெல்லுக்குள் வெள்ளத்தை நேரடியாகத் திருப்பிவிடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். நிலத்தடி நீரைப் பெருக்கும் நல்ல எண்ணம்தான், ஆனால் சாக்கடையும் உரமும் பக்கத்து வீட்டு போருக்கும் போய்ச் சேரும். மணல், ஜல்லி போட்ட வடிகட்டும் குழி வழியாக மட்டும் விடுங்கள்.

அப்புறம், பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்கும் நேரம். பங்குனியில் எடுத்த ரிசல்ட் மழைக்காலத்துக்கு உதவாது. பெருமழை பெய்த ஓரிரு நாளில், பரிசோதனைக் கூடம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸ் வைத்து அன்றே கொடுத்து, ஈ.கோலை (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி) இருக்கிறதா என்று கேளுங்கள்.