இத்தாலியக் குடும்பப் பெயருக்குப் பொருள் தேடுவது எப்படி?

என் மாப்பிள்ளையின் குடும்பப் பெயர் எஸ்போஸிட்டோ. கல்யாணப் பத்திரிகையைப் பார்த்ததும் இங்கே தென்னாப்பிரிக்காவில், சாட்ஸ்வர்த்திலுள்ள சொந்தக்காரர் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "அப்படின்னா என்னக்கா அர்த்தம்?" மாப்பிள்ளைக்கே தெரியவில்லை. டர்பனில் ஒரு கடையில் 400 ராண்டு கொடுத்து, அந்தப் பெயரின் குலச்சின்னம் என்று சிங்கமும் வாளும் வரைந்து சட்டம் போட்ட படம் ஒன்றை வாங்கி வந்தேன். நீங்களாவது அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

அர்த்தம் அப்புறம். முதலில் ஊரைக் கண்டுபிடியுங்கள். மாப்பிள்ளையின் தாத்தா, இரண்டாம் உலகப் போரில் பிடிபட்டு சோண்டர்வாட்டர் கைதி முகாமுக்குக் கொண்டுவரப்பட்டவர். முகாம் 1947-ல் மூடியபின் இங்கேயே தங்கிவிட்டார். அவருடைய பழைய பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் நாப்போலி, அதாவது நேப்பிள்ஸ், என்று இருந்தது. பெயரின் எழுத்தையும் அதிலேயே பாருங்கள். இங்கே குமாஸ்தா கை பட்டால் என்ன ஆகும் என்பது கவுண்டர் கோவெண்டரான நமக்குத் தெரியாதா?

அடுத்து, பெயரின் வால். ரோஸ்ஸி, ரூஸ்ஸோ இரண்டுமே சிவப்புதான். இகரத்தில் முடிந்தால் பெரும்பாலும் வடக்கு, நடு இத்தாலி; ரூஸ்ஸோ தெற்கு. பீராஸ், மெலிஸ் என்று 'ஸ்' வந்தால் சார்டினியாத் தீவு. முன்னால் 'டி' இருந்தால் இன்னாருடைய பிள்ளை. ஃபெர்ராரி நம்ம ஊர்க் கொல்லர்.

எஸ்போஸிட்டோ என்றால் 'வெளியே விடப்பட்டது'. நாப்போலியின் அனுன்ட்ஸியாட்டா அநாதை இல்லத்துச் சுவரில் சுழலும் மரப்பெட்டி ஒன்று இருந்தது. வளர்க்க வழியில்லாதவர்கள் தெருப்பக்கம் குழந்தையை வைத்துத் திருப்பினால், அது உள்ளே போய்விடும். வைத்தவர் முகம் யாருக்கும் தெரியாது. 1875-ல்தான் அதை மூடினார்கள். அப்படி வந்த பிள்ளைகளுக்கு வைத்த பெயர் இது. மிலானில் அதே மாதிரிப் பிள்ளைகளுக்குக் கொலம்போ, அதாவது புறா. அந்தப் படத்தைக் கழற்றிவிட்டேன். பெட்டியில் வந்த பிள்ளைக்கு ஏது சிங்கமும் வாளும்!

பதிவேடு பார்க்க, இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்களின் 'ஆன்டெனாட்டி' தளம் இலவசம். நாப்போலிப் பக்கம் 1809 முதல் பிறப்புப் பதிவு உண்டு. அதற்கு முந்தியது என்றால் தேவாலயத்து ஞானஸ்நான ஏடுதான். ஊரும் ஆண்டும் தெரியாமல் உள்ளே போனால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதை. ஆண்டு ஏட்டின் கடைசியில் பெரும்பாலும் அகரவரிசை இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். தகப்பன் பெயரும் கையில் இருக்கட்டும். நாப்போலியில் எஸ்போஸிட்டோ பக்கம் பக்கமாக வரும்.