மழையும் குளிரும் சேர்ந்து வர்ற இடத்துக்கு ஜாக்கெட் எப்படிப் பாத்து வாங்குறது

குளிருக்கு ஜாக்கெட் வாங்கப் போனா நம்மள்ல நிறைய பேரு முதல்ல செய்யுறது அதைக் கையில எடுத்து அமுக்கிப் பாக்குறதுதான், நல்லா மொத்தமா மெத்துன்னு இருந்தா சூடா இருக்கும்னு எடுத்துடுறோம். காத்துல ஈரமே இல்லாத, பனி மட்டும் விழுற காய்ஞ்ச குளிருக்கு அது சரியா வரும். ஆனா 0 டிகிரிலேர்ந்து ஒரு 8 டிகிரி வரைக்கும் இருக்குற, தூறல் விடாம விழுந்துக்கிட்டே இருக்குற, கூடவே காத்தும் அடிக்கிற இடத்துல அந்த மெத்து ஜாக்கெட் சீக்கிரமே நனைஞ்சு கனத்துத் தொங்கிடும். ஈரக் குளிருக்கு வாங்குறதா இருந்தா பாக்குற வரிசையையே மாத்தணும், முதல்ல தண்ணி, அப்புறம் காத்து, அதுக்கப்புறம்தான் சூடு.

ஏன் தண்ணியை முதல்ல வைக்கச் சொல்றேன்னா, ஜாக்கெட் தானா சூட்டை உண்டாக்குறது கிடையாது, சூடு வர்றது நம்ம உடம்புலேர்ந்து, ஜாக்கெட் செய்யுறது உடம்பைச் சுத்தி அசையாத காத்தைப் பிடிச்சு வச்சிருக்குற வேலை. அந்தக் காத்து இருந்த இடத்துல தண்ணி புகுந்துட்டா அவ்வளவுதான், தண்ணி காத்தை விட சுமார் 25 மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும். மைனஸ் 10ல விழுற பனி காய்ஞ்சு பொடியா இருக்கும், தட்டி விட்டா போயிடும், 3 டிகிரில பெய்யுற மழையை அப்படித் தட்ட முடியாது, துணிக்குள்ள இறங்கிடும். மைனஸ் குளிரைத் தாங்கினவங்க கூட 4 டிகிரி மழையில பல்லு கிட்டிப் போகுதுன்னு சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

தண்ணி வெளியிலேர்ந்து மட்டும் வர்றதும் இல்லை. வேகமா நடந்தா, படி ஏறினா, கூட்டமான பஸ்ல அதே ஜாக்கெட்டோட நின்னா உள்ள வேர்க்கும், அது வெளிய போக வழி இல்லாம உள்ளயே தங்கிடுச்சுன்னா நடையை நிறுத்தின அஞ்சு நிமிஷத்துல முதுகு ஜில்லுன்னு ஆயிடும். அதனால மழையை உள்ள விடாம இருக்கணும், வேர்வை ஆவியை வெளிய விடணும், ரெண்டும் வேணும்.

உள்ள என்ன அடைச்சிருக்கு

டவுன்னு சொல்ற வாத்து இல்லேன்னா கூஸோட மெல்லிய அடி இறகு, எடைக்கு எடை பாத்தா அதை விட சூடான ஒண்ணு கெடைக்குறது கஷ்டம். டேக்ல 600, 800னு ஃபில் பவர் போட்டிருப்பாங்க, ஒரு அவுன்ஸ் இறகு, அதாவது சுமார் 28 கிராம், எத்தனை கன அங்குலம் விரிஞ்சு நிக்கும்ங்கிறதுதான் அந்த நம்பர். நிறைய பேரு அந்த ஒரு நம்பரை வச்சே முடிவு பண்றாங்க, ஆனா உள்ள எத்தனை கிராம் இறகு போட்டிருக்காங்கன்னும் பாக்கணும், 800 ஃபில் பவர்ல கொஞ்சூண்டு போட்ட ஜாக்கெட்டை விட 600ல தாராளமா போட்டது சூடா இருக்கும். சரி, இவ்வளவு நல்ல சாமானுக்கு ஒரே ஒரு பெரிய குறை, நனைஞ்சா இறகெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு உருண்டையா ஆயிடும், காத்தைப் பிடிக்குற இடமே போயிடும், காயுறதுக்கும் ரொம்ப நேரம் ஆகும். தண்ணி ஒட்டாத மருந்து போட்ட இறகுன்னு ஒண்ணு விக்குறாங்க, அது நனையுறதைக் கொஞ்சம் தள்ளிப் போடும், முழுசா தடுக்காது.

ஈரக் குளிருக்கு என் ஓட்டு சிந்தெடிக்குக்குத்தான். பாலியஸ்டர் நூல் தண்ணியைக் குடிக்கவே குடிக்காதுன்னு சொல்லலாம், அதனால நனைஞ்சாலும் உப்பல் ஓரளவுக்கு நிக்கும், சீக்கிரம் காஞ்சிடும். ப்ரைமாலாஃப்ட்ங்கிற பிராண்டு பஞ்சு மாதிரி சாமானே 1980கள்ல அமெரிக்க ராணுவத்துக்காக, நனைஞ்சாலும் சூடு கொடுக்குற மாதிரி டவுனுக்கு மாத்தா ஒண்ணு வேணும்னுதான் உருவாச்சு. இதுக்கு ஃபில் பவர் கிடையாது, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்னு போடுவாங்க, 60 கிராம் நடந்துக்கிட்டே இருக்குறவங்களுக்குப் போதும், 100 பொதுவா எல்லாத்துக்கும் ஒத்து வரும், நின்ன இடத்துலயே ரொம்ப நேரம் நிக்குற வேலைன்னா 130க்கு மேல பாருங்க. டவுனை விட கனமா இருக்கும், அமுக்கி அமுக்கிப் பையில வச்சா சில வருஷத்துல தட்டையாயிடும், அதனால வீட்டுல ஹேங்கர்ல தொங்க விடுங்க.

ஒண்ணு மட்டும் தயவுசெஞ்சு கேளுங்க, உள்ள காட்டன் போடாதீங்க. நல்ல ஜாக்கெட்டை வாங்கிட்டு அதுக்குள்ள காட்டன் ஹூடியும் காட்டன் டீஷர்ட்டும் போட்டா வேர்வை எல்லாத்தையும் அது குடிச்சு வச்சுக்கிட்டு தோலோட ஒட்டிக்கிட்டே கெடக்கும். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி இல்லேன்னா பாலியஸ்டர் போடுங்க. கம்பளி தன் எடையில 30 சதவீதம் வரைக்கும் ஈரத்தை உறிஞ்சினாலும் தோலுக்கு நனைஞ்ச மாதிரி தெரியாது, நாத்தமும் சீக்கிரம் வராது.

வெளித்துணியும் அந்த நம்பர்களும்

வாட்டர் ரெசிஸ்டன்ட், வாட்டர் ரிபெலன்ட்னு எழுதியிருந்தா அது தூறலுக்கு மட்டும், விடாத மழைக்கு வாட்டர்ப்ரூஃப்னே எழுதியிருக்கணும், கூட 10,000 மி.மீ., 20,000 மி.மீ.ன்னு ஒரு நம்பரும் இருக்கணும். துணி மேல ஒரு தண்ணித் தூணை நிறுத்துறதா வச்சுக்குங்க, எவ்வளவு உயரம் வரைக்கும் தண்ணி கசியாம தாங்குதுங்கிறதுதான் அந்தக் கணக்கு. மழைத் துளிக்கு எதுக்கு இவ்வளவுன்னு தோணும், ஆனா பை வார் தோள்ல அழுத்துற இடத்துல, ஈரமான பெஞ்சுல உக்காருற இடத்துல அழுத்தம் ரொம்ப ஜாஸ்தி, கசியுறது அங்கதான். தினமும் வேலைக்குப் போய் வர்றதுக்கு 10,000 போதும், முதுகுல பையோட மணிக்கணக்கா மழையில இருக்குறவங்க 20,000 பக்கம் போங்க.

பக்கத்துலயே கிராம்ல இன்னொரு நம்பர் இருக்கும், 24 மணி நேரத்துல ஒரு சதுர மீட்டர் துணி வழியா எத்தனை கிராம் ஆவி வெளிய போகும்ங்கிறது. இதுல ஜாஸ்தி இருந்தா நல்லது, 10,000க்குக் கீழ இருந்தா வேகமா நடக்குறவங்களுக்கு உள்ள புழுங்கும். சில கம்பெனி இதுக்குப் பதிலா ரெட் (RET)னு ஒரு நம்பர் போடுவாங்க, ஆவி வெளிய போகத் துணி எவ்வளவு தடுக்குதுங்கிற கணக்கு, அதனால அது தலைகீழ், கம்மியா இருந்தாதான் நல்லது, 6க்குக் கீழன்னா பிரமாதம், 20க்கு மேலன்னா யோசிங்க. ஆனா ஒவ்வொரு கம்பெனியும் சோதிக்குற முறை வேற வேறயா இருக்குறதால ரெண்டு பிராண்டு நம்பரை நேருக்கு நேர் வச்சு ஒப்பிட்டு மண்டையைக் குழப்பிக்காதீங்க, ஒரே பிராண்டுக்குள்ள ஒப்பிட்டா பிரயோஜனம் இருக்கு.

இந்த ரெண்டு வேலையையும் சேர்த்துச் செய்யுறது துணிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்குற மெம்பரேன்ங்கிற மெல்லிய படலம். 1969ல அமெரிக்காவுல பாப் கோர்ங்கிறவர் டெஃப்லான் வகைப் பொருளை வெடுக்குன்னு இழுத்துப் பாத்தப்போ அது கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளோட விரிஞ்சுது, அதுலேர்ந்து வந்ததுதான் கோர்டெக்ஸ். தண்ணித் துளி நுழைய முடியாத அளவு சின்ன ஓட்டை, ஆவி மட்டும் போகும். இப்போ இந்த மாதிரி மெம்பரேன் நிறைய கம்பெனி செய்யுறாங்க, பேரைப் பாத்து மட்டும் காசைக் கொட்ட வேண்டியதில்லை.

ஏன்னா எவ்வளவு நல்ல மெம்பரேனா இருந்தாலும் தைக்குறப்போ ஊசி குத்தின ஓட்டை இருக்கும் இல்லையா, அது மேல டேப் ஒட்டியிருக்கணும். ஜாக்கெட்டை உள்பக்கமா திருப்பிப் பாருங்க, தோள், கை, ஹூட், பக்கவாட்டுன்னு எல்லாத் தையல் மேலயும் டேப் ஓடியிருந்தா ஃபுல்லி டேப்டு. கிரிட்டிக்கல்லி டேப்டுன்னு போட்டிருந்தா தோளுக்கும் தலைக்கும் மட்டும் ஒட்டிட்டு மத்ததை விட்டிருப்பாங்க, அக்குள் பக்கமா இறங்கும். உள்ள லைனிங் இருந்து டேப் தெரியலேன்னா விவரத்துல எழுதியிருக்கான்னு தேடுங்க, எழுதலேன்னா இல்லைன்னே வச்சுக்குங்க.

போட்டுப் பாக்குறப்போ

நான் ரொம்ப கவனிக்கச் சொல்றது ஹூடைத்தான், ஏன்னா காத்தோட மழை வந்தா குடை நிக்காது, அப்போ முகத்தைக் காப்பாத்துறது அது ஒண்ணுதான். மாட்டிக்கிட்டு தலையை இடது வலது திருப்புங்க, ஹூடும் கூடவே திரும்பணும், தலை மட்டும் திரும்பி ஒரு கண்ணு துணிக்குள்ள போயிட்டா ரோட்டைத் தாண்டுறப்போ வண்டி வர்றதே தெரியாது. நெத்திக்கு மேல கொஞ்சம் வெறைப்பா ஒரு நீட்டல் இருந்தா மூக்குக் கண்ணாடி போடுறவங்களுக்குப் பெரிய உதவி. பின்பக்கம் இறுக்குற கயிறோ பட்டையோ இருக்கணும், காலர் தாடை வரைக்கும் வரணும். ஜிப் போட்டுக் கழட்டுற ஹூடுன்னா அந்த ஜாயின்ட் வழியா தண்ணி இறங்குதான்னு பாருங்க, ஒட்டித் தைச்சதுதான் மழைக்கு நல்லது. பிள்ளைங்க ஜாக்கெட்டுன்னா ஹூடுலயும் கழுத்துலயும் தொங்குற கயிறு இருக்கவே கூடாது, சறுக்குலயோ பஸ் கதவுலயோ மாட்டி கழுத்தை இறுக்கிடும்.

கடைக்குப் போறப்போ குளிர்ல உள்ள என்ன ஸ்வெட்டர் போடுவீங்களோ அதைப் போட்டுக்கிட்டே போங்க. கையை மேல தூக்குங்க, இடுப்பு தெரியுதா, மணிக்கட்டுலேர்ந்து கை ஏறுதான்னு பாருங்க. தோள் பிடிக்கக் கூடாது, பிடிச்சா உள்ள இருக்குற உப்பல் அமுங்கி சூடு கொறையும், ரொம்பத் தொளதொளன்னு இருந்தாலும் ஒவ்வொரு அசைவுக்கும் சூடான காத்து கீழ வழியா வெளிய போயிடும். கை நுனியில வெல்க்ரோ பட்டையோ உள்ள இழுவையான கஃபோ இருக்கணும், இல்லேன்னா கையைத் தூக்கினதும் தண்ணி முழங்கை வரைக்கும் வழியும். நீளம் உங்க இஷ்டம், ஆனா இடுப்போட நிக்குற ஜாக்கெட்டுலேர்ந்து சொட்டுற தண்ணி நேரா பேன்ட் மேலதான் விழும், அதனால நடந்து போறவங்களுக்குத் தொடை பாதி வரைக்கும் வர்றது நல்லது, சைக்கிள்ல போறவங்களுக்கு அது காலைத் தடுக்கும், முன்னாடி குட்டையா பின்னாடி நீளமா வெட்டினது எடுங்க.

ஜிப் மேல பிளாஸ்டிக் மாதிரி வழவழன்னு கோட்டிங் இருந்தா தண்ணியைத் தாங்கும், சாதா ஜிப்னா மேல மூடுற மடிப்பு வேணும். கீழேர்ந்தும் திறக்குற ரெண்டு பக்க ஜிப் உக்காருறப்போ சௌகரியமா இருக்கும். கையுறையோட இழுத்துப் பாருங்க. அக்குள்ல ஜிப் இருந்தா விடாதீங்க, மேடு ஏறுறப்போ அதைத் திறந்து விட்டா எந்த மெம்பரேனும் வெளியேத்தாத சூட்டை அது வெளியேத்தும்.

ஒண்ணா, ரெண்டா

மழையும் தாங்கி உள்ள பஞ்சும் வச்ச ஒரே பெரிய ஜாக்கெட்டா, இல்லே உள்ள பஞ்சு இல்லாம மழையை மட்டும் தடுக்குற மெல்லிய ஷெல் ஒண்ணும் தனியா ஒரு சூட்டு ஜாக்கெட்டுமான்னு கேட்டா நான் ரெண்டாவதைத்தான் சொல்லுவேன். 10 டிகிரி மழைக்கு ஷெல்லும் ஃப்ளீஸ்னு சொல்ற மெத்துன்னு இருக்குற மெல்லிய பாலியஸ்டர் மேல்சட்டையும், 1 டிகிரிக்கு ஷெல்லும் சிந்தெடிக் ஜாக்கெட்டும், மழையே இல்லேன்னா சூட்டு ஜாக்கெட் மட்டும், இப்படி மாத்தி மாத்திப் போடலாம், ஏற்கனவே வீட்டுல இருக்குற டவுன் ஜாக்கெட்டும் ஷெல்லுக்கு அடியில நனையாம வேலைக்கு வந்துடும். இதுக்கு ஷெல்லை ஒரு சைஸ் தாராளமா எடுக்கணும், ரெண்டையும் சேர்த்துப் போட்டுப் பாத்துட்டே வாங்குங்க. பிள்ளைங்களை ஸ்கூல்ல விட்டுட்டு வர்றது, பஸ் ஸ்டாப்ல நிக்குறதுன்னு நின்னுக்கிட்டே இருக்குற வேலைதான் ஜாஸ்தின்னா பார்க்கான்னு சொல்ற, ஹூட் வச்ச நீளமான ஒரே பெரிய ஜாக்கெட்டும் தப்பில்லை, காலையில அவசரத்துல ஒண்ணை மாட்டிக்கிட்டு ஓடிடலாம்.

பழசு வாங்குறதும் நல்ல வழிதான். உள்பக்க டேப் உரியுதா, கோட்டிங் பிசுபிசுன்னு ஒட்டுதா, வெள்ளையா செதில் செதிலா உதிருதான்னு பாருங்க, அப்படி இருந்தா அதை இனி ஒண்ணும் பண்ண முடியாது, விட்டுடுங்க. துணி மேல தண்ணி உருளாம ஊறுறது மட்டும்தான் குறைன்னா தாராளமா வாங்கலாம், அதைச் சரி பண்ணிக்கலாம்.

அந்த ஊறுற விஷயம் எல்லா ஜாக்கெட்டுக்கும் வரும். வெளித்துணி மேல தண்ணி ஒட்டாம இருக்க டி.டபிள்யூ.ஆர்.னு ஒரு பூச்சு இருக்கு, அழுக்கும் எண்ணெயும் பட்டுப் பட்டு அது கொறஞ்சதும் துணி தண்ணியைக் குடிக்க ஆரம்பிக்கும். மெம்பரேன் அப்பவும் தண்ணியைத் தடுத்துக்கிட்டுதான் இருக்கும், ஆனா மேல ஈரத் துணி மூடியிருக்குறதால ஆவி வெளிய போகாது, உள்ள வேர்வை சேர்ந்து ஜாக்கெட் ஒழுகுதுன்னு நெனச்சுக்குவோம். முன்னாடி இந்தப் பூச்சுல போட்ட ஃப்ளோரின் ரசாயனம் சுற்றுச்சூழல்ல அழியாம தங்குறதால இப்போ அது இல்லாத பூச்சுதான் நிறைய வருது, அது எண்ணெய் அழுக்கைத் தடுக்காது, அதனால துவைக்கவே பயந்துக்கிட்டு வச்சிருக்கக் கூடாது, அடிக்கடி துவைக்கணும். டேக்ல போட்டிருக்குறபடி, இந்த மாதிரித் துணிக்குன்னே விக்குற லிக்விட்ல துவைங்க, ஃபேப்ரிக் சாஃப்ட்னர் பக்கமே போகாதீங்க, ரெண்டு தடவை நல்லா அலசுங்க, டேக் அனுமதிச்சா ட்ரையர்ல மிதமான சூட்டுல ஓட விடுங்க, அந்தச் சூட்டுலயே பூச்சுக்குப் பழையபடி உயிர் வரும். அப்புறம் தோள் பக்கம் கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பாருங்க, முத்து முத்தா உருண்டு ஓடினா சரியாயிடுச்சு, கறுத்து ஊறினா ஸ்ப்ரேயாவோ துவைக்குறப்போ ஊத்துறதாவோ கெடைக்குற பூச்சு வாங்கி ஜாக்கெட் சுத்தமா இருக்குறப்பவே அடிச்சுடுங்க.